அம்மாவின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை: செலவு ஒரு குடும்பத்தை எங்கெல்லாம் அழுத்துகிறது

மார்பகத்தில் உள்ள கட்டி புற்றுநோய்தான் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானதும், வீட்டில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்கும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதாகவே இருக்கிறது. பிழைப்பாரா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தாலும், அதைக் கேட்க ஒருவருக்கும் நா எழுவதில்லை. பணத்தைப் பற்றிக் கேட்பது அதைவிட எளிது. மருத்துவர் ஒரு தொகையைச் சொல்லாமல் "இன்னும் சில ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லும்போது, அவர் எதையோ மறைக்கிறார் என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த நாளில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் பல வகை நோய்கள் அடங்கியுள்ளன. எந்த வகை, எந்த நிலை என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் நீளமும் விலையும் பல மடங்கு மாறுகின்றன.

எடுத்த சதையிலேயே இன்னொரு சோதனையும் செய்யப்படுகிறது. மருத்துவமனைகளில் ஐஎச்சி என்று குறிப்பிடப்படும் அந்தச் சோதனை, கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி உண்டா, புரொஜெஸ்டிரோன் ஏற்பி உண்டா, ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக உள்ளதா என்ற மூன்றையும் சொல்கிறது. ஹார்மோன் ஏற்பி இருந்தால், அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரையை நாள்தோறும் 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரை உட்கொள்ள வேண்டியிருக்கும். அந்த மாத்திரையின் விலை பெரும் சுமையாக இருக்காது. ஹெர்2 மிகுதியாக இருப்பவர்களுக்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, டிராஸ்டுசுமேப் என்ற ஊசி மருந்தை 3 வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டுக் காலம் செலுத்துவது வழக்கம். வழக்கமான சிகிச்சைப் பட்டியலில் மிகுந்த விலையுள்ளது அதுதான். இம்மூன்றும் இல்லாத வகையை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். மேலை நாடுகளைவிட இந்தியாவில் அந்த வகையின் பங்கு அதிகம். அந்த வகைக்கு மாத்திரையும் பயன்படாது, டிராஸ்டுசுமேபும் பயன்படாது, கீமோவையே பெரிதும் நம்ப வேண்டும். ஆகவே ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் ஒரே அளவுக் கட்டியுடன் இருக்கும் இரண்டு தாய்மார்களின் செலவுக் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. "பக்கத்து ஊர் அக்காவுக்கு இவ்வளவுதான் ஆச்சாம்" என்று உறவினர்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் உதவாமல் போவதற்கு இதுவே காரணம்.

தொகை தெரியாவிட்டாலும் காலம் ஓரளவு தெரியும். குடும்பம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அதைத்தான். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், நோயாளிகள் சிவப்பு மருந்து என்று குறிப்பிடும் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடுடன் சேர்த்து 4 தவணைகளில் ஏற்றப்படுகிறது. பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தவணை. அதன்பின் பாக்ளிடாக்சல் வாரம் ஒருமுறையாக 12 வாரங்கள் அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறையாக 4 தவணைகள் வரும். இவ்வளவுக்கே ஏறக்குறைய அரை ஆண்டு ஆகிவிடுகிறது. இதற்கு முன்போ பின்போ அறுவைச் சிகிச்சை, புண் ஆறுவதற்குச் சில வாரங்கள், பிறகு கிராமங்களில் கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் கதிர்வீச்சு. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் அந்தத் தவணை தள்ளிப்போகும், வந்த பயணம் வீணாகும். இடையில் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை ஒரு வீட்டின் அன்றாடம் மருத்துவமனையின் நாட்காட்டிக்கு ஏற்பவே நடக்கிறது. இந்தியாவில் இந்நோய் மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும், பலரைத் தாக்குகிறது. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் முதுமை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் ஒரு பெண்ணின் தோளில் இருக்கும் வயது அது.

உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; அதே ஆண்டில் ஏறக்குறைய 98,000 பேர் அதனால் இறந்தனர். 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்தும் உயிருடன் இருப்போர் அமெரிக்காவில் 90 சதவீதம், இந்தியாவில் 66 சதவீதம் என்று கணக்கிட்டது. இந்த இடைவெளிக்கு முதன்மையான காரணம் தாமதமாக வருவது; அதற்கு அடுத்த காரணம் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடுவது. இரண்டுக்குப் பின்னாலும் பணம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பணம் என்பதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஏழைக் குடும்பம் ஒன்று புற்றுநோய்ச் சிகிச்சையே பெற முடியாமல் போகும் நிலை பெருமளவு மாறியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பணம் இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பண்பை இங்கே வேரூன்றச் செய்தது. காஞ்சிபுரத்தில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் கீமோவும் கதிர்வீச்சும் தரப்படுகின்றன. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இன்று தகுதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்; மார்பக அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இதன் அருமையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தை விற்றுச் செய்த சிகிச்சையை இன்று ஓர் அட்டையைக் காட்டிப் பெற முடிகிறது.

அப்படியிருந்தும் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. காப்பீடு மருத்துவமனைக்குள் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. நோயின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே கழிகிறது. குடும்பம் சரிவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் கணிப்பு.

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பகுதியில் கூலிக்கு மல்லிகைப் பூப் பறிக்கும் ஒரு தாயின் சிகிச்சைக் காலத்தில், அவருடைய மூத்த மகள் எழுதிவைத்த செலவு நோட்டைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சிகிச்சை அரசு மருத்துவமனையில் காப்பீட்டில் நடந்தது. மருந்துக்கோ அறுவைக்கோ அவர்கள் பணம் கட்டவில்லை. நோட்டில் இருந்தவை வேறு. பஸ், ஆட்டோ, மூன்று பேருக்குச் சாப்பாடு, இளநீர், வெளியில் எடுத்த ஸ்கேன், ஜெராக்ஸ், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மருந்து, தெர்மாமீட்டர், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, தலைக்குக் கட்டப் பருத்தித் துண்டு, இரவில் காய்ச்சல் வந்தபோது பிடித்த வாடகைக் கார். ஒவ்வொன்றும் சிறு தொகை. ஆனால் பக்கம் பக்கமாக நீண்டது. ஒவ்வொரு தவணை நாளிலும் "அப்பா லீவு" என்று எழுதி, லோடு ஆட்டோ ஓட்டும் தந்தை இழந்த அன்றைய கூலியையும் எதிரே குறித்திருந்தார் அந்தப் பெண். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவர் அவர். தான் இழந்த சம்பளத்தை அந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை. கேட்டபோது, அது செலவா என்று வியப்போடு திருப்பிக் கேட்டார். ஒரு வீட்டில் நோய் வந்தால் அதன் மிகப் பெரிய விலையை வேலையை விடும் மகளோ மருமகளோ கொடுக்கிறார். எந்தக் காப்பீடும் எந்தக் கணக்கெடுப்பும் அதைத் தொடுவதில்லை, அவர்களுமே அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த வாடகைக் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும், அப்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் காய்ச்சலுக்கு 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்ற தயக்கத்தில் பலர் வண்டி தேடி அலைகிறார்கள், அல்லது பாரசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுக்க வைக்கிறார்கள். தாராளமாகக் கூப்பிடலாம், அது இலவசம், "கீமோ போய்க்கொண்டிருக்கிறது" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொன்னால் போதும்.

செலவின் இன்னொரு பெரும்பகுதி, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கைவிட்டுப் போகிறது. கட்டி தெரிந்ததும் அருகில் உள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனைக்குப் போவதும், அங்கே ஒரே வாரத்தில் மேமோகிராம், சிடி, சில இடங்களில் பெட் ஸ்கேன் வரை எடுத்து, "உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்று கேட்டுப் பதறிப் பணம் கட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. நிலக்கோட்டைக் குடும்பமும் அப்படித்தான் முதல் மாதத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் கையிருப்பைக் கரைத்துவிட்டுப் பிறகு அரசு மருத்துவமனைக்கு வந்தது. மார்பகப் புற்றுநோயில் தேவையற்ற தாமதம் கெடுதல்தான். ஆயினும் வகையும் நிலையும் தெரிந்து, அறுவை முதலில் வேண்டுமா கீமோ முதலில் வேண்டுமா என்று முடிவெடுக்க ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாக எதுவும் கெட்டுப்போவதில்லை. பெரிய கட்டிகளுக்குக் கீமோவை முதலில் கொடுத்துச் சுருக்கிய பின் அறுவை செய்வதே இன்று பரவலான முறை. அவசரப்பட்டுச் செய்த அரைகுறை அறுவை பின்னால் மறு அறுவைக்கு வழிவகுப்பதும் உண்டு. மருந்துச் சீட்டு முதல் ஸ்லைடு வரை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டால், அடுத்த மருத்துவமனையில் அதே சோதனைகளை மறுபடி செய்ய வேண்டிய தேவையும் பெருமளவு குறையும். சதைத் துண்டு வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பார்க்கலாம்.

பதற்றத்தில் வாங்கும் கடனின் வட்டிதான் பிறகு வீட்டை அரிக்கிறது. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று கிராமத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். அது மாத வட்டி. ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். ஒன்றரை ஆண்டு சிகிச்சைக்குள் வட்டி மட்டுமே 54,000 ரூபாயைத் தொட்டுவிடும். கூட்டுறவு வங்கியிலோ பிற வங்கியிலோ நகையை வைத்தால் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வரும். இது தெரியாதவர்கள் இல்லை. ஆனால் வங்கி திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்று மருத்துவமனைக் கல்லாவில் நின்றுகொண்டிருக்கும்போது தோன்றிவிடுகிறது. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போகிற அந்த முதல் பத்து நாட்களில் வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர், தாய்மாமனோ படித்த ஓர் உறவினரோ, உடன் உட்கார்ந்து பேசினால் பல ஆயிரங்கள் மிஞ்சும்.

காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 வரை இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. இப்போதைய வரம்பை மாதக் கணக்கில் பார்த்தால் 10,000 ரூபாய். கணவனும் மனைவியும் கூலி வேலை செய்யும் வீடுகளே சில சமயம் இதைத் தாண்டிவிடும். வரம்பைச் சற்றே தாண்டிய, ஆனால் சேமிப்பு எதுவும் இல்லாத இந்த நடுப்பகுதிக் குடும்பங்களின் நிலைதான் உண்மையிலேயே இக்கட்டானது. சிறு கடை வைத்திருப்பவர், தனியார் பள்ளி ஆசிரியர், ஓட்டுநர் எல்லோரும் இதில் வருவார்கள். அவர்களுக்கும் அரசு மருத்துவமனையின் கதவு திறந்தே இருக்கிறது, அட்டை இல்லாமலும் அங்கே சிகிச்சை உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும். அட்டை இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் பெறும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கப்படுகிறது. அந்தத் தொழிலாளியைச் சார்ந்து வாழும், குறைந்த வருமானமே உள்ள பெற்றோரையும் குடும்ப உறுப்பினராகப் பதிவுசெய்யலாம். சந்தாக் காலம் நிறைவேறியிருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சையும் கிடைக்கும். திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் எத்தனையோ பிள்ளைகள் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தை மாதந்தோறும் பார்க்கிறார்கள். அதில் அம்மாவின் பெயரைச் சேர்க்க முடியும் என்று நிறுவனத்தில் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. நிலக்கோட்டைக் குடும்பத்துக்கும் இது தெரியவந்தபோது மகள் வேலையை விட்டிருந்தார்.

பயணச் செலவுக்குத் தனியாக ஒரு வழி உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் செல்லும் நோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் விலக்கு. உடன் செல்லும் ஒருவருக்கு அவற்றில் 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்றுப் படிவம் இருந்தால் போதும்.

மருந்து விலையைப் பொறுத்தவரை, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. டிராஸ்டுசுமேபின் இந்தியக் காப்புரிமையை ரோஷ் நிறுவனம் 2013இல் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூரின் பயோகான், அதற்கு நிகரான மருந்தின் 440 மில்லிகிராம் குப்பியை 57,500 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. பின்னர் வேறு நிறுவனங்களும் வந்தன. விலை மேலும் இறங்கியது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீத வரம்பு விதித்தது. பல மருந்துகளின் அச்சிட்ட விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அதுவரை எவ்வளவு லாபம் வைத்து விற்றார்கள் என்பதையும் அந்த வீழ்ச்சியே காட்டிக்கொடுத்தது. கீமோ மருந்துகளில் இன்றும் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கக்கூடும். தனியாரில் சிகிச்சை பெறுபவர்கள் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி, மத்திய அரசின் அம்ரித் மருந்தகம் போன்ற இடங்களில் விலை விசாரித்த பிறகு மருத்துவரிடமே "இதைக் கொண்டுவந்தால் ஏற்றுவீர்களா?" என்று கேட்பதில் தவறு ஏதும் இல்லை.

விலையைக் குறைத்ததில் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. இதைக் குடும்பங்கள் அதிகம் அறியவில்லை. மார்பகக் கதிர்வீச்சு ஒரு காலத்தில் 25 நாட்கள், வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம் தரப்பட்டது. வெளியூர்க் குடும்பம் அதற்காக அறை எடுத்துத் தங்க வேண்டும். பிரிட்டனில் நடந்த நீண்டகால ஆய்வு, நாளொன்றுக்குச் சற்றுக் கூடிய அளவாக 15 நாட்களில் தருவது அதே பலனைத் தருவதாக நிறுவியது; அதன் பத்தாண்டு முடிவுகள் 2013இல் வந்தன. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 5 நாட்களிலேயே முடிக்கலாம் என்று காட்டியது. ஐந்து வாரத் தங்கல் மூன்று வாரமாகவோ ஒரு வாரமாகவோ சுருங்கும்போது, வேலைக்குப் போக முடியாத நாட்களும் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதே அளவு சுருங்குகின்றன. டிராஸ்டுசுமேபிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. 4,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2019இல் முடிவு வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதம் ஏற்றியவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலமாக இருந்தனர். ஓராண்டே இன்றும் பொதுவான நெறி. ஆனால் பணம் தீர்ந்து நடுவில் தானாக நிறுத்திவிட்டு மறைந்துபோவதைவிட, "எங்களால் இவ்வளவுதான் முடியும், குறைந்த காலச் சிகிச்சைக்கு வழி உண்டா?" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பது எவ்வளவோ மேல்; மருத்துவரிடம் அதற்கான பதில் இருக்கிறது.

இத்தனை கணக்கையும் தாண்டி ஒன்று இருக்கிறது. சிகிச்சை இடையில் நின்றுபோகும் வீடுகளில், நிறுத்துவது பெரும்பாலும் கணவனோ பிள்ளைகளோ இல்லை, அம்மாதான். தன்னை ஒரு செலவாகக் கருதத் தொடங்கிவிடுகிறார். நிலக்கோட்டைத் தாய் கட்டியை முதலில் கண்டபோதே ஒருவரிடமும் சொல்லவில்லை. பூ சீசன் முடியட்டும் என்று மாதக்கணக்கில் இருந்துவிட்டார். வலி இல்லை என்பதால் கெடுதலாக இருக்காது என்றும் நம்பினார். தொடக்கத்தில் வலிக்காது என்பதே இந்நோயின் ஆபத்து. கீமோ பாதி முடிந்து, தலைமுடி கொட்டி, நாக்கில் ருசி போய்க் கிடந்த நாட்களில் "எனக்கு எதுக்குச் சாமி இம்புட்டுச் செலவு, அந்தக் காசு இருந்தா பாப்பா கல்யாணத்துக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தவணைக்குக் கிளம்ப மறுத்தார். அந்த நேரத்தில்தான் அண்டை வீட்டார் சொல்லும் "கத்தி பட்டால் பரவிடும்", "கேரளத்தில் ஒரு வைத்தியர் இருக்கார்" போன்ற பேச்சுகளும் காதில் ஏறுகின்றன; மலிவானது என்பதால் அவை நியாயமாகவும் தோன்றுகின்றன. கத்தி பட்டு நோய் பரவுவதில்லை. பாதியில் விட்ட நோய் திரும்பி வரும்போது, அதற்கான சிகிச்சை முதலில் ஆனதைவிடப் பல மடங்கு செலவு வைக்கும், குணமாகும் வாய்ப்பும் குறைந்துபோயிருக்கும். இதை மருத்துவர் சொல்லி அவர் கேட்கவில்லை. "மருந்துக்குக் காசே வாங்கலம்மா, அட்டையில போகுது" என்று மகள் அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிய பிறகே கேட்டார். செலவை அம்மாவிடம் மறைப்பது அன்பு என்று நினைக்கிறோம். மறைக்கும்போது அவர் கற்பனையில் அது லட்சக்கணக்காக வளர்ந்துவிடுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குடும்பம் சமாளிக்கிறது என்றால், அதன் பொருள் வேலைகள் வேறு கைகளுக்கு மாறுகின்றன என்பதுதான். அந்த வீட்டில் தவணை ஏற்றிய வாரம் சித்தி வந்து சமைத்தார். தாய்மாமன் போக்குவரத்துச் செலவைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். சுயஉதவிக் குழுப் பெண்கள் அவருடைய கடன் தவணைப் பணத்தைத் தங்களுக்குள் ஈடுகட்டி, பிறகு கட்டட்டும் என்றார்கள். பாலிடெக்னிக் படிக்கும் மகன் முதலில் அம்மா படுத்திருந்த அறைக்குள் வரவே கூச்சப்பட்டான். மார்பகத்தை அகற்றிய பிறகு தோலுக்கு அடியிலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் குப்பியும் வைத்து அனுப்புவார்கள். ஒரு நாளில் வடியும் அளவு குறைந்த பிறகே அதை எடுப்பார்கள். காலையில் குப்பியைத் தூக்கிப் பார்த்து, அளவைக் குறித்து, கையைக் கழுவிக் காலி செய்து மாட்டும் வேலையை ஒருநாள் அக்கா ஊரில் இல்லாதபோது செய்தவன், பிறகு தானே தொடர்ந்து செய்தான். மார்பகம் என்ற சொல்லையே வாயால் சொல்லக் கூசும் வீடுகளில் இந்நோயைப் பற்றிய பேச்சு கிசுகிசுப்பாகவே இருக்கிறது. கட்டியைச் சொல்லத் தயங்கியதற்கும் அந்தக் கூச்சமே காரணம் என்பதால், மகன் குப்பியைக் கையில் எடுத்ததைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

சிகிச்சை முடிந்தது என்று டிஸ்சார்ஜ் எழுதிய பிறகும் பணம் ஓயாது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கை வீங்கும் அபாயம் வாழ்நாள் முழுவதும் இருக்கும். விடியலில் மணிக்கணக்காகப் பூப்பறிக்கும் கைக்கு அது பெரிய தடை. பயிற்சிகளைத் தவறாமல் செய்ய வேண்டும், அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கூலிக்குத் திரும்ப முடியாத பெண்ணின் வருமான இழப்பு எந்தத் திட்டத்திலும் வராது. ஹார்மோன் மாத்திரை மலிவுதான், ஆனால் ஐந்து ஆண்டு விடாமல் சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று ஓராண்டில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அதை வாங்கப் போகும் பயணத்துக்கு ஒரு நாள் கூலியை இழக்க மனம் வராததே பலர் நிறுத்துவதற்குக் காரணம். இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தருவதும், ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்வதும் அரசுக்கு அதிகம் செலவில்லாத ஏற்பாடுகள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிற மாநிலத்தில் இது முடியாத காரியமும் இல்லை.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவித் திரும்பினால் கணக்கு வேறு விதமாகிவிடும். 2022இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண், தன் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குத் தேவையான ரைபோசிக்லிப் மருந்துக்கு மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் ஆவதாகவும், காப்புரிமையைத் தளர்த்தி இந்தியாவிலேயே மலிவாகத் தயாரிக்க அனுமதிக்க வேண்டும் என்றும் வழக்குத் தொடுத்தார். வழக்கு முடிவதற்கு முன்பே அவர் இறந்தார். பொது நலன் கருதி நீதிமன்றம் வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. அதே வகையைச் சேர்ந்த பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் காலாவதியானதும், இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரித்தன, விலை பல மடங்கு சரிந்தது. ஒரு மருந்தின் காப்புரிமை முடியும் தேதிக்கு முந்தைய ஆண்டில் நோயுற்றவருக்கும் அடுத்த ஆண்டில் நோயுற்றவருக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது.

மகள்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் மரபணு வழியாக வருபவை. தாய்க்கு ஐம்பது வயதுக்குள் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சித்தி, பெரியம்மா, பாட்டி என்று பலருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாய்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பிருந்தே மகள் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான அறிவுரை. அம்மாவுக்கு 46 வயதில் வந்திருந்தால் மகளுக்கு 36. நிலக்கோட்டைப் பெண்ணுக்கு அதற்கு இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. அவர் மறுபடி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், இந்த முறை ஈஎஸ்ஐ படிவத்தில் அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.